நாலாம் நம்பர் சாய்விருக்கை

தலைக்கு மேல இருக்கிற பலகையைப் பார்த்துச் சிரிச்சீங்க டீச்சர், நான் கவனிச்சேன். பரவாயில்லை. புதுசா வர்றவங்க எல்லாரும்தான் சிரிக்கிறாங்க. ‘விருக்கை 4’ன்னு எழுதியிருந்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது? அது விருக்கை இல்லை. முன்னாடி ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கு பாருங்க, அதுக்கு அடியில ‘சாய்’ இருக்கு. எனக்கு மேல இருக்கிறதைப் படிங்க. ‘சாய்விருக்கை 3’. முழுசா இருக்கா? இந்த டயாலிசிஸ் ஹால்ல மொத்தம் எட்டு. ஏழு முழுசா இருக்கு. உங்களுது மட்டும்தான் இப்படி.

அந்தப் பேரை வெச்சதே நான்தான்.

ஊசி இருக்கிற கையை அசைக்காதீங்க. தலையணையை இன்னொரு கையால இழுத்துக்கங்க. ஆங், அப்படித்தான். நீங்க கணக்கு டீச்சர், இத்தனை நாள் தஞ்சாவூர்ல பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு ஃப்ளோரா சிஸ்டர் சொன்னாங்க. அப்ப உங்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நாலு மணி நேரத்தைத் தள்ளணும், அவ்வளவுதான்.

என் பேரு குலசேகரன். அரசாங்கத்துல மொழிபெயர்ப்புப் பிரிவுல முப்பத்தொரு வருஷம் இருந்தேன். இங்கிலீஷ்ல வர்ற படிவம், அறிவிப்பு, சுற்றறிக்கை எல்லாத்தையும் தமிழ்ல ஆக்குற வேலை. ஓய்வு பெற்ற மறு வருஷம் வீட்டுக்காரம்மா தவறிட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷம் கிட்னி. ஒரே மகள், எழிலரசி, ஓசூர்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டேன்மா, எடை எவ்வளவு, இவ்வளவு. அஞ்சு நிமிஷம். எனக்கு அது போதும். தனியா இருக்கேன், தனியா இருக்கேன்னு நிறைய பேர் புலம்புறாங்க. எனக்கு அப்படியெல்லாம் கிடையாது. வீட்டுல அகராதியே நாலு இருக்கு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? பேரு. போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் இந்த எட்டையும் வாங்கிக் கொடுத்தாரு. அதுக்கு முன்னாடி கட்டில்தான். பலகை எழுதணும், தமிழ்ல என்ன போடலாம்னு அறக்கட்டளைச் செயலாளர் என்கிட்ட வந்து கேட்டாரு. ஒரு வாரம் டைம் கொடுங்கன்னேன். சிரிக்காதீங்க, ஒரு வாரம் ஆகும். ஈஸிசேர்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு நாலு மணி நேரம் அசையாம கிடக்கிறதுல என்ன ஈஸி இருக்கு? சரி, சாய்வு நாற்காலின்னு போடலாம்னா, இதுக்கு நாலு கால் இல்லை. கீழ பாருங்க, ஒரே இரும்புத் தண்டு, அதுக்குச் சக்கரம். காலே இல்லாததை எப்படி நாற்காலின்னு எழுதுறது? சுலப நாற்காலின்னாரு எங்க தெருக்காரர் ஒருத்தர். அவரோட அப்புறம் ஒரு மாசம் நான் பேசலை. கடைசியில சாய்வு, இருக்கை. சாய்விருக்கை. சொல்லிப் பாருங்க, வாயில நிக்குது இல்லையா? செயலாளர் ரொம்ப நல்லா இருக்குன்னாரு. பலகை ஏறிடுச்சு.

ரெண்டே மாசம். நல்லுசாமி வந்து சேர்ந்தாரு.

தொட்டியத்துக்காரர். வாழை விவசாயம். என் வயசுதான், அறுபத்தி ஆறு. ஆள் நல்ல உயரம். மாற்றுத் துணியை ஒரு மஞ்சப்பையில சுத்தி எடுத்துக்கிட்டு முதல் நாள் உள்ள வந்தாரு. எடை பார்த்தாங்க, உட்காரச் சொன்னாங்க. உட்கார்ந்தவரு நிமிர்ந்து பலகையைப் படிச்சாரு. படிச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. சிஸ்டர் என்னாச்சுன்னு கேட்டாங்க. அவர் ரொம்ப சாவதானமாத்தான் சொன்னாரு. “உடம்பு முடியாம வர்ற ஆளை உட்கார வெச்சுட்டு, தலைக்கு மேல சாய்னு எழுதி வெச்சிருக்கீங்களேம்மா.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நான் விளக்கினேன். இது ஏவல் இல்லைங்க, சாய்வுங்கிறது பெயர்ச்சொல்லுன்னு சொன்னேன். அவர் கேட்டுக்கிட்டாரு. கேட்டுட்டு, எங்க பக்கம் அப்படி இல்லைங்கன்னாரு. அவருக்கு மூணு வருஷம் முந்தி ஒரு சித்திரை மாசம், தார் போட்டு நிக்கிற வாழை ஆயிரத்து இருநூறு மரம், ஒரே காத்துல சாய்ஞ்சிடுச்சாம். அதே வருஷம் அவரோட அண்ணன் வாய்க்கால் கரையில நின்னு பேசிக்கிட்டிருந்தவர் அப்படியே சாய்ஞ்சுட்டாராம். அந்தச் சொல்லுக்குக் கீழ தன்னால உட்கார முடியாதுன்னுட்டாரு. ஃப்ளோரா சிஸ்டருக்கு வேலை ஆகணும். ஒரு துண்டு பிளாஸ்திரியைக் கிழிச்சு ஒட்டிட்டாங்க. அவர் உட்கார்ந்துட்டாரு. என் கண்ணு முன்னாடி.

நான் செயலாளருக்கு மூணு பக்கம் கடிதம் எழுதினேன். பொதுச் சொத்தைச் சிதைத்தல்னு தலைப்புப் போட்டு. அவர் விடுங்க சார், பாவம் புது ஆளுன்னுட்டாரு. பாவம்னா மொழிக்கு என்ன கதின்னு கேட்டேன்.

அதுக்கப்புறம் அஞ்சு வாரம் நாங்க பேசலை. திங்கள், புதன், வெள்ளி. நாலு நாலு மணி நேரம். நீங்களே பாருங்க, உங்களுக்கும் எனக்கும் நடுவுல எவ்வளவு தூரம்? கை நீட்டினா தொடலாம். அவர் மேல சுத்துற ஃபேனைப் பார்த்துக்கிட்டிருப்பாரு, நான் பேப்பரைப் பார்த்துக்கிட்டிருப்பேன். ஒரு நாள் யாரோ வாழைப்பழம் கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுக்கப் போனாங்க, விவரம் தெரியாதவங்க. நமக்குத்தான் ஆகாதே. சிஸ்டர் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் அந்தச் சீப்பையே பார்த்துக்கிட்டிருந்தாரு. வாழ்க்கை பூரா வாழை போட்ட மனுஷன், ஒரு பழம் திங்கக் கூடாது. எனக்கு ஏதாவது சொல்லலாம்னு தோணுச்சு. சொல்லலை. நானா ஏன் முதல்ல பேசணும்?

அவர்தான் முதல்ல பேசினாரு. ஆறாவது வாரம், புதன்கிழமை. மூணாவது மணி நேரம் இருக்கும். “சார்”னு ஒரு குரல். திரும்பிப் பார்த்தா முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது, உதடு வெளுத்துப் போச்சு. பிரஷர் இறங்குது. “கொஞ்சம் சாச்சு விடச் சொல்லுங்க சார்.”

நான் சிஸ்டரைக் கூப்பிட்டேன். ஓடி வந்து பிடியை இழுத்தாங்க, தலை கீழ போச்சு, கால் மேல வந்துச்சு. மருந்துத் தண்ணி ஏத்தினாங்க. பத்து நிமிஷத்துல கண்ணு தெளிஞ்சிடுச்சு. நான் காத்துக்கிட்டே இருந்தேன். தெளிஞ்ச உடனே கேட்டேன், “பார்த்தீங்களா, அந்தச் சொல்லைத்தானே சொன்னீங்க?”

சிரிச்சுட்டாரு. படுத்த வாக்குலயே வயிறு குலுங்கச் சிரிக்கிறாரு. சிஸ்டர் வந்து ரெண்டு பேரையும் திட்டினாங்க.

அன்னிக்குத்தான் ஒழுங்காப் பேசிக்கிட்டோம். சாயறது வேற, விழுறது வேறன்னு நான் சொன்னேன். பின்னாடி தாங்குறதுக்கு ஒண்ணு இருந்தா அது சாயறது. சுவருல சாயலாம், தூணுல சாயலாம், ஆள் மேல சாயலாம். சாய்மானம்னு அதுக்குத்தான் பேரு. ஒண்ணுமே இல்லேன்னாத்தான் விழுறது. அப்ப எங்க மரமெல்லாம் விழுந்ததுன்னுதான் சொல்லணும் சார், பின்னாடி ஒண்ணும் இல்லையேன்னாரு. முட்டுக் கொடுக்கக் கம்பு வாங்கி வெச்சிருந்தாராம். நாளைக்கு நடலாம், நாளைக்கு நடலாம்னு இருந்துட்டாராம்.

பிளாஸ்திரியை எடுத்துடலாமான்னு கேட்டேன். இருக்கட்டும் சார், அது ஒரு பக்கம் இருக்கட்டும்னாரு. சரின்னு விட்டுட்டேன். பெருந்தன்மைதான்.

அதுக்கப்புறம் பேச்சுக்குக் குறைவே இல்லை. ஒரு நோட்டு போட்டேன். அவர் சொல்லச் சொல்ல வாழை சம்பந்தப்பட்ட சொல்லையெல்லாம் எழுதிக்கிட்டேன். எந்த அகராதியிலயும் இல்லாத சொல்லு எத்தனை வெச்சிருந்தாரு தெரியுமா? ஆறு மாசத்துல நூத்திப் பதினேழு. சில நாள் புதுச் சொல்லு இருக்காது. அன்னிக்குப் பழசையே திரும்பச் சொல்லச் சொல்லுவேன், சரிபார்க்கணும் இல்லையா? அவர் மருமகள் என்ன குழம்பு வெச்சா, டவுன் பஸ்ல யார் சண்டை போட்டாங்கன்னு அவரும் இடையில சொல்லுவாரு. அதை நான் நோட்டுல எழுதலை. ஆனா கேட்டுப்பேன். செவ்வாய், வியாழன்ல வீட்டுல உட்கார்ந்து நாளைக்கு என்னென்ன கேக்கணும்னு ஒரு தாள்ல குறிச்சு வெச்சுக்குவேன். வேலைன்னா அப்படித்தான் செய்யணும்.

இந்தத் தை மாசம் முசிறியில நம்ம அறக்கட்டளைக்காரங்களே ஒரு கிளை திறந்தாங்க. ஆறு இடம். தொட்டியத்துலேருந்து முசிறி அரை மணி. இங்க வர்றதுன்னா ஒன்றே முக்கால் மணி நேரம், அப்புறம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி டவுன் பஸ் பிடிச்சு உறையூர். காலை ஏழு மணி ஷிப்டுக்கு அவர் நாலு மணிக்கே கிளம்பணும். சிஸ்டர்தான் சொன்னாங்க, அய்யா முசிறிக்கு மாத்திக்கங்க, ஒரு மனு எழுதிக் கொடுத்தாப் போதும், இடம் ரொம்பறதுக்குள்ள கொடுங்கன்னு. அவர் என் பக்கம் திரும்பினாரு. நீங்க எழுதினா மறுபேச்சு இருக்காது சார், நீங்களே எழுதிக் கொடுங்கன்னாரு.

எழுதினேன் டீச்சர். அன்னிக்கே உட்கார்ந்து எழுதினேன். மறுநாள் சுத்தப் பிரதியும் எடுத்துட்டேன். ஆனா ஒரு மனு எழுதி முடிக்கிறது வேற, அது சரியா இருக்கிறது வேற. இடமாற்றம்னு போடறதா, மாறுதல்னு போடறதா? கோருகிறேனா, வேண்டுகிறேனா? காரணம்னு ஒரு இடம் இருக்கு. பயண வசதி கருதின்னு எழுதியிருந்தேன். வசதிங்கிற சொல்லு உறுத்துச்சு. வசதியா கேக்குறாரு மனுஷன்? சிரமம்னு மாத்தினேன். அதுவும் சரியில்லை. திங்கட்கிழமை கேட்டாரு, இன்னும் ஒரு வரி நிக்கலைன்னு சொன்னேன். சரி சார், மெதுவா ஆகட்டும்னாரு. புதன்கிழமை அவர் கேக்கவே இல்லை. அப்புறமும் கேக்கலை. அவர் கேக்காததால எனக்கும் அவசரம் தெரியலை. இப்படி மூணு வாரம். முசிறியில ஆறுல அஞ்சு இடம் ரொம்பிடுச்சுன்னு சிஸ்டர் சொன்னாங்க. நானும் இதோ, இதோன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். முப்பத்தொரு வருஷம் ஒரு எழுத்துப் பிழையோட ஒரு தாள் என் மேஜையை விட்டுப் போனதில்லை.

மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை, முடிச்சுட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியும், முடிச்சதும் காலு எப்படி இருக்கும்னு. துணி மாதிரி இருக்கும். சத்திரத்துல பஸ் ஏறும்போது தலை சுத்திப் படியிலேருந்து பின்பக்கமா விழுந்துட்டாரு. பூ விக்கிற அம்மா ஒருத்தங்க தூக்கி உட்கார வெச்சாங்களாம். வலது மணிக்கட்டு முறிஞ்சுடுச்சு. நல்லவேளை ஊசி குத்துற கை இடது கை, அதுக்கு ஒண்ணும் ஆகலை.

எனக்கு இது எதுவும் தெரியாது. திங்கட்கிழமை வந்தா இந்த இடம் காலியா இருக்கு. இப்ப நீங்க உட்கார்ந்திருக்கிற இடம். தாமதமா வருவாருன்னு நினைச்சேன். என் மெஷினை ஓட்டிட்டாங்க, அவரைக் காணோம். அப்புறம்தான் சிஸ்டர் சொன்னாங்க. அவரை ஊருக்குப் போற வழியில முசிறி பெரியாஸ்பத்திரியில காட்டிக் கட்டு போட்டு, அவசரத்துக்கு அங்கேயே ஒரு தடவை டயாலிசிஸ் பண்ணி அனுப்பியிருக்காங்க. அந்தப் பஸ் படிக்கட்டெல்லாம் அவ்வளவு உயரமா வெக்கக் கூடாதுன்னு நான் சிஸ்டர்கிட்ட சொன்னேன். அவங்க என் பிரஷரைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்கு நாலு மணி நேரம் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியலை. பேப்பரை நாலு தடவை படிச்சேன்.

செவ்வாய்க்கிழமை நானே கிளம்பிட்டேன். ஆறு வருஷமா உறையூரைத் தாண்டாத ஆளு. மனுவை நாலா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு சத்திரத்துல பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. குணசீலம் வரைக்கும் நின்னுக்கிட்டே போனேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது நினைச்சேன், இதை இந்த மனுஷன் வாரத்துக்கு மூணு தடவை, போகவும் வரவும். சரி, அவர் விவசாயி, உடம்பு பழக்கப்பட்டதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

வீடு வாய்க்கால் ஓரம். கட்டில்ல சுவரோட தலையணை வெச்சுச் சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாரு, கையில மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் எந்திரிக்கப் பார்த்தாரு. உட்காருங்கன்னேன். அவர் மருமகள் தனக்கொடி, மகன் திருப்பூர்ல வேலை, அந்தப் பொண்ணுதான் எல்லாம் பார்க்குது, அரை டம்ளர் தண்ணி கொண்டாந்து கொடுத்துச்சு. மாமாவுக்கு இவ்வளவுதான் ஊத்துவேன், உங்களுக்கும் இவ்வளவுதானேன்னுச்சு. விவரமான பொண்ணு.

மனுவை எடுத்து அவர் பக்கத்துல வெச்சேன். எழுதிட்டேங்க, இப்பத்தான் ஒரு மாதிரி சரியா வந்துச்சுன்னேன்.

“எழுதி முடிச்சது எனக்குத் தெரியும் சார்.”

எப்படித் தெரியும்னு கேட்டேன்.

“கண்ணாடி எடுத்துக் கொடுங்கன்னு ஒரு நாள் உங்க பையை என்கிட்ட நீட்டினீங்க. அதுல இருந்துச்சு. என் பேரு போட்டு, கீழ கையெழுத்துக்கு இடம் விட்டு. முதல் வாரமே பார்த்துட்டேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமேங்க.”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களே சார்.”

அப்படித்தான் சொன்னாரு. அந்த வார்த்தைதான். சொல்லிட்டுக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கிட்டாரு. எழுத்து வேலையை அவசரப்படுத்தக் கூடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதிகம் படிக்காத மனுஷனா இருந்தாலும் அந்த மரியாதை இருந்திருக்கு. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். வேற எப்படி எடுத்துக்கிறது?

அந்தப் பொண்ணு நிலைப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்துச்சு. என்கிட்டயா அவர்கிட்டயா தெரியலை, பொதுவா சொல்லுச்சு. “மூணு வாரமும் இருட்டோட எழுப்பி, வெந்நி வெச்சுக் கொடுத்து, ரோடு வரைக்கும் கூட வந்து பஸ் ஏத்திவிட்டது நான்.” சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. எனக்குத் தண்ணி தாகமா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் கேக்கலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. கேக்கலை.

கையெழுத்து இடது கையாலதான் போட்டாரு. கோணலா, ஏறி இறங்கி, சின்னப் பிள்ளை எழுதின மாதிரி. போட்டுட்டுத் தாளை என்கிட்ட கொடுக்காம வெச்சுக்கிட்டிருந்தாரு. அப்புறம், இன்னொரு வரி சேத்துக்கங்க சார்னாரு. என்னன்னேன். பின்னால திரும்பி வரணும்னு தோணுச்சுன்னா நாலாம் நம்பரை எனக்கே கொடுக்கணும்னு எழுதுங்கன்னாரு.

அப்படியெல்லாம் ஒரு மனுவுல எழுத முடியாதுங்கன்னேன். கையெழுத்துக்குக் கீழ எதுவும் வரக் கூடாது. இடமாற்றம் கேட்டுக்கிட்டே இடத்தையும் வெச்சிருக்கச் சொல்றது ஒண்ணுக்கொண்ணு முரண். யார் ஒத்துக்குவா? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. கேட்டுட்டு, “எழுதுங்க சார்”னாரு.

எழுதினேன். கையெழுத்துக்குக் கீழ, அவர் சொன்னது சொன்னபடி. ‘பின்னால திரும்பி வரணும்னு தோணுச்சுன்னா நாலாம் நம்பரை எனக்கே கொடுக்கணும்’னு. எழுவாய் கிடையாது. பேச்சு வழக்கு. முற்றுப்புள்ளிகூட வைக்கலை. வரும்போது பஸ்ல உட்கார இடம் கிடைச்சுது, பேனாவும் சட்டைப் பையில இருந்துச்சு. திருத்தியிருக்கலாம். முப்பத்தொரு வருஷத்துல, அதுக்கப்புறமும் சேர்த்து, நான் திருத்தாம மேல அனுப்பின ஒரே வரி அதுதான்.

செயலாளர் படிச்சுட்டுச் சிரிச்சாரு. ஆனா வாங்கிக்கிட்டாரு. ஆறாவது இடம் கிடைச்சிடுச்சு. போய் ஒன்பது வாரம் ஆகுது. அங்கயும் இதே திங்கள், புதன், வெள்ளிதான். இதே நேரம்தான். இப்ப அவரும் ஊசியோடதான் உட்கார்ந்திருப்பாரு. பக்கத்துல இருக்கிறவரு மெஷின் ஓட்டினதும் தூங்கிடுவாராம், பேச்சே கிடையாதாம். அது தனக்கொடி போன்ல சொன்னது. அவரோடயும் ரெண்டு தடவை பேசினேன். போன்ல எங்களுக்குச் சரியா வரலை. இருக்கீங்களான்னு அவர் கேப்பாரு, இருக்கேன்னு நான் சொல்லுவேன். பக்கத்துப் பக்கத்துல சும்மா கிடந்து பழகினவங்களுக்குப் போன்ல என்ன இருக்கு? புதுச் சொல்லு ஏதாவது உண்டான்னேன். வெச்சிருக்கேன் சார், நேர்ல சொல்றேன்னாரு.

இந்த ஒன்பது வாரமும் நாலாம் நம்பர்ல யாரையும் போடலை. ஒரு பெரியவரைக் கொண்டாந்தாங்க, இந்த இடத்துக்கு ஆள் இருக்குன்னு நான்தான் சொல்லிட்டேன். அவரை ஏழுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. இன்னிக்கு நான் வர்றதுக்குள்ள உங்களை உட்கார வெச்சுட்டாங்க. உங்களைக் குத்தம் சொல்லலை டீச்சர். நோவுக்கு இடம் வேணும், யாருக்கானாலும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க டயாலிசிஸ் சீட்டு அந்தத் தலையணைக்குக் கீழ இருக்கும், மேல வலது மூலையில சிஸ்டர் எழுதியிருப்பாங்க. நாலாம் நம்பர், நிரந்தரமா, தற்காலிகமா?

தற்காலிகம்னா நல்லது, அவர் என்னிக்காவது வருவாரு.

நிரந்தரம்னாலும் நல்லதுதான். நீங்க மெதுவாப் பார்த்துச் சொல்லுங்க, இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு.